தவளத்திலிருந்து லொறி வரை: பாரக் கணக்கு

கண்டி இராச்சியக் காலத்தில் கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் மலைநாட்டுக்கு ஏற்றி, பாக்கைக் கீழே இறக்கியவர்களில் நம்மவர்கள் முக்கியமானவர்கள். பொதி மாடுகளின் அந்த வரிசைக்குத் தவளம் என்று பெயர். அரசனின் போக்குவரத்துப் பகுதியான 'மடிகே பத்த'வில் முஸ்லிம்கள் பணிபுரிந்ததை லோர்னா தேவராஜா 1994இல் வெளியான தம் நூலில் எடுத்துச் சொல்கிறார். இந்தப் பெருமையைப் பல கட்டுரைகளில் படித்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது அதன் இன்னொரு பக்கம். தவளக்காரனுக்குத் தன் மாட்டின் தாங்குசக்தி தெரியும். பாரம் கூடினால் மாடு படுத்துக்கொள்ளும். லொறி படுக்காது. ஏத்துற அளவுக்கு ஏத்திக்கொண்டு, பன்விலப் பக்கம் ஏதாவது ஒரு வளைவு வரும்வரை பேசாமல் வரும்.

மடுல்கெல்லக் கடைகளுக்குச் சாமான் கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக ஏறி வருகிறது. "இது ஒண்டரைத் தொன் லொறி நானா, தாராளமா ஏத்தலாம்" என்பது இந்த றோட்டில் அடிக்கடி கேட்கிற பேச்சு. அந்த ஒன்றரைத் தொன் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்.

பதில் வாகனத்திலேயே இருக்கிறது. லொறியின் பக்கத்தில் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். பதிவுப் புத்தகத்திலும் அவை உண்டு. ஒன்று வெறும் வண்டியின் எடை. மற்றது வண்டி, சாமான், ஆள், எரிபொருள் எல்லாம் சேர்ந்து தாண்டக்கூடாத மொத்த எடை. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடிய பாரம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் கணக்கு பிசகுகிறது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். மொத்த எடை 3,500 கிலோ, வெறும் எடை 1,900 என்று வைப்போம். மிச்சம் 1,600. ஐம்பது கிலோ அரிசி மூட்டை 32 ஏத்தலாம் போலத் தெரியும். ஆனால் சாரதியும் இரண்டு உதவியாட்களும் 210 கிலோ. வெறும் எடையில் டீசல் சேராவிட்டால், 60 லீற்றருக்கு ஏறத்தாழ 50 கிலோ. பதிவுக்குப் பிறகு பூட்டிய இரும்புக் கூடும் தார்ப்பாயும் 180. மேலதிக டயர், ஜக், கயிறு 40. ஆக 480 கிலோ போயிற்று. மீதி 1,120, அதாவது 22 மூட்டை. பத்து மூட்டை காணாமல் போய்விட்டது! கந்தூரிக்குத் தேக்சாக்களோடு 200 லீற்றர் தண்ணீர் பீப்பாயும் ஏற்றினால், தண்ணீர் மட்டும் நாலு மூட்டையின் இடத்தைத் தின்னும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ; இதில் சலுகை கிடையாது.

நக்கிள்ஸ் மலைப் பக்கம் சுற்றவென்று வேனுக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பற்றரி எல்லாம் பொருத்துகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். அவர்களிடம் 'சாமான்' என்று ஒன்றும் இருக்காது, ஆனால் பாரம் ஏற்கனவே ஏறிவிட்டிருக்கும். மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டும் லொறிக்குச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் வகுப்பே வேறு என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

மொத்தம் சரியாயிருந்தால் போதுமா? போதாது. எங்கே வைக்கிறோம் என்பதும் உண்டு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.5 மீற்றர் இருக்கும் வண்டியில், பின் அச்சுக்கு ஒரு மீற்றர் பின்னால் 200 கிலோவை வைத்தால், பின் அச்சில் 200 அல்ல, 280 கிலோ கூடும். முன் அச்சில் 80 கிலோ குறையும். சீசோப் பலகைதான் இது. முன் சக்கரம் இலேசானால் ஏற்றத்தில் ஸ்டியரிங் சொல் கேட்காது. டயரும் தன் எல்லையைத் தன் மேலேயே எழுதி வைத்திருக்கிறது: பக்கத்தில் 100 என்ற பாரக்குறி இருந்தால் அந்த டயர் 800 கிலோ தாங்கும். பின்னால் ஒற்றை டயர் போட்ட வண்டியென்றால் இரண்டும் சேர்ந்து 1,600. அச்சின் எல்லை அதற்கும் குறைவாயிருந்தால் அதுதான் கணக்கு.

ஏற்றம் மனிதனை எச்சரிக்கும், இஞ்சின் முனகும். ஆபத்து இறக்கத்தில். வத்தேகமவுக்கு இறங்கும்போது வண்டி இழக்கும் உயரமெல்லாம் சூடாக மாறுகிறது. இஞ்சின் பிடிக்காத பங்கு பிரேக்குக்குத்தான் வரும். மொத்த எடை கால்வாசி கூடினால் அந்தச் சூடும் கால்வாசி கூடும். சூடேறிய பிரேக் மிதிக்க மிதிக்கப் பிடி விடும். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய சாரதிமார் சொல்வது இதற்காகத்தான். மூட்டைக்கு மேலே ஆட்களை ஏற்றுவதைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அவர்களும் பாரம்தான், அதுவும் உயரத்தில்.

கணக்கைவிட நம்பகமானது நிறுவை. எரிபொருள் நிரப்பி, ஆட்களோடு, சாமான் இல்லாமல் வண்டியை ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். பழைய இரும்பு மொத்தமாக வாங்கும் இடங்களிலும் கல்லுடைக்கும் இடங்களிலும் வண்டி நிறுக்கும் தளம் இருக்கும். முன் சக்கரங்களை மட்டும் தளத்தில் ஏற்றி ஒன்று, முழு வண்டியை ஏற்றி ஒன்று. கழித்தால் பின் அச்சின் எடை வந்துவிடும். அந்த எண்களைச் சாரதியின் கதவுக்கு உட்புறம் எழுதி வைக்கலாம்.

மழைக்காலத்தில் இன்னொன்று. கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிக்கிறார்கள், தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். லொறி அப்படிக் கழிக்காது. நனைந்த விறகும் நனைந்த மணலும் நனைந்தபடியேதான் அதன் முதுகில் ஏறும். ஆகவே அன்றைக்குக் கொஞ்சம் குறைத்து ஏத்துங்கள்.