வயிற்றுக்குள் ஒரு பீங்கான் ஜாடி

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போனால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். சொரசொரவென்றிருக்கும் மண் உருவத்தைக் குழம்பில் முக்கிச் சூளையில் வைக்கிறார்கள். வெளியே வரும்போது கண்ணாடிபோல் பளபளவென்று ஒரு பூச்சு! அப்படிப்பட்ட பூச்சு இருப்பதால்தான் உங்கள் வீட்டு ஜாடியில் எலுமிச்சை ஊறுகாய் வருஷக் கணக்கில் கிடந்தாலும் ஜாடிக்கு ஒன்றும் ஆவதில்லை. அதையே அலுமினியப் பாத்திரத்தில் வைத்துப் பாருங்கள், குழி விழுந்துவிடும்!

உங்களுக்குள்ளும் ஒரு ஜாடி இருக்கிறது. அதுதான் இரைப்பை. அதில் ஊறும் அமிலத்தின் முன் எலுமிச்சையின் புளிப்புத் தோற்றுப் போகும்.

மத்தியானம் பருப்புச் சாதம் சாப்பிடுகிறீர்கள். பருப்பிலுள்ள புரதம் ஒரு பூச்சரம் மாதிரி. பூக்களுக்குப் பதிலாக 20 வகை அமினோ அமிலங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு முடிச்சு. சுருண்டு கிடக்கும் சரத்தை அமிலம் முதலில் பிரித்து நீட்டுகிறது. பிறகு வருகிறது கத்தி! அதன் பெயர் பெப்சின். 1836-ல் தியோடர் ஷ்வான் என்ற ஜெர்மன் விஞ்ஞானி கண்டுபிடித்த என்சைம் அது.

பெப்சினும் ஒரு புரதம்தான். 326 அமினோ அமிலங்கள் கோத்தது. அதன் நடுவே ஒரு பள்ளம். உணவுச் சரம் அதில் வந்து படுக்கிறது. அங்கே இரண்டு ஆஸ்பார்ட்டிக் அமிலங்கள் ஒரு நீர் மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கின்றன. அவை ஏவியதும் தண்ணீர் முடிச்சின் மேல் பாய்கிறது. முடிச்சு அறுகிறது, தண்ணீரும் இரண்டாகி, அறுந்த முனைக்கு ஒன்றாக ஒட்டிக்கொள்கிறது. ஆக, உண்மையில் வெட்டுவது தண்ணீர்! பெப்சின் செலவாவதில்லை, அடுத்த சரத்துக்குத் தயார். மீதித் துண்டுகளைச் சிறுகுடலில் டிரிப்சின் முதலிய என்சைம்கள் பொடியாக்குகின்றன.

இரைப்பையும் புரதத்தால் ஆனதுதானே, அது ஏன் வெட்டுப்படவில்லை என்று கேட்பீர்கள். சுரக்கும்போது அந்தப் பள்ளத்தை ஒரு துண்டு மூடியிருக்கிறது; கத்தி உறையில் இருக்கிறது. அமிலம் பட்ட பிறகே உறை கழல்கிறது. அதற்குள் இரைப்பையின் உட்சுவரை வழவழப்பான படலம் ஒன்று மூடிக் காக்கிறது. அதுதான் நம் ஜாடியின் பூச்சு!

விருத்தாசலத்துப் பூச்சைச் சூளையில் ஒரு முறை சுட்டால் போதும். இந்தப் பூச்சோ ஓயாமல் புதிதாகச் சுரக்கவேண்டும். ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் அந்த வேலையைத் தடுக்கின்றன; புண் உண்டாக இதுவும் ஒரு காரணம். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, தலைவலி என்று தினம் ஒரு மாத்திரையை விழுங்கும் சகோதரிகளே, டாக்டரைக் கேட்காமல் அப்படிச் செய்யாதீர்கள். ஊறுகாய் ஜாடி உடைந்தால் வேறு வாங்கலாம். இந்த ஜாடி ஒன்றே ஒன்றுதான்!