பெர் லாஷேஸ்: எழுத்தாளர் உறங்கும் மண்

அடக்கத்தலம் என்றதும் நம்மவர் நினைவிற்கு வருவன ஜியாரத்தும் ஃபாத்திஹாவுமே. இலக்கியம் பயில்வோர்க்கு வேறொரு ஜியாரத்தும் உண்டு. பாரிசு மாநகரின் கீழ்த்திசைக் குன்றொன்றில் ஏறத்தாழ 44 எக்டேர் பரப்பில் அமைந்துள்ள பெர் லாஷேஸ், அவர்கள் நாடிச் செல்லும் அடக்கத்தலமாகும்.

1804இல் இது திறக்கப்பட்டபோது நகரெல்லைக்கு அப்பால் கிடந்தது. அவ்வாண்டில் இங்கு அடக்கப்பட்டோர் 13 பேரே. மக்களை ஈர்க்க நிருவாகத்தினர் கண்ட வழி வியப்பிற்குரியது. 1817இல் நாடகாசிரியர் மோலியேர், நீதிக்கதைக் கவிஞர் லா ஃபோந்தேன் ஆகியோரின் எச்சங்களைக் கொணர்ந்து இங்கு வைத்தனர். (அவை அவர்களுடையவைதாமா என்னும் ஐயம் இன்றும் தீர்ந்தபாடில்லை.)

மோலியேரின் கதை நெஞ்சை உறுத்துவது. 1673இல் அவர் மறைந்தபோது, நடிகர் என்பதனால் திருச்சபையினர் நல்லடக்கத்திற்கு இசைந்திலர். அவர்தம் மனைவி மன்னர் பதினான்காம் லூயியிடம் முறையிட்ட பின்னரே, இரவுப்பொழுதில், சிறப்பேதுமின்றி அடக்கம் நிகழ்ந்தது. அம்மன்னருக்குப் பாவமன்னிப்பளிக்கும் குருவாய்ப் பின்னாளில் அமர்ந்தவரே லா ஷேஸ் பாதிரியார். ஆறடி மண் மறுக்கப்பெற்ற கலைஞர், அப்பாதிரியார் பெயர் தாங்கிய மண்ணிலேயே உறங்குகிறார்!

பால்சாக்கின் 'தந்தை கோரியோ' புதினத்து இறுதியில் இளைஞனொருவன் பாரிசை நோக்கி நிற்பது இக்குன்றின் மீதுதான். 1850இல் அவரும் இங்கேயே வந்து சேர்ந்தார். சிறையும் இகழ்ச்சியும் கண்டு 1900இல் மறைந்த ஆஸ்கார் வைல்டின் உடல், 1909இல் வேறிடத்திலிருந்து இங்குக் கொணரப்பட்டது. அன்பர்கள் பதித்த உதட்டுச் சாயக்கறை கல்லை அரித்தமையால் 2011இல் கண்ணாடித் தடுப்பு எழுப்பவேண்டியதாயிற்று. அன்பிற்கும் ஓர் அளவு வேண்டும்போலும்!

நம்மவர் பலரும் அறியாத செய்தியொன்றுண்டு. 1857இல் இங்கு முஸ்லிம்களுக்கெனத் தனிப்பகுதி திறக்கப்பட்டது. அயோத்தி அரசை ஆங்கிலேயர் 1856இல் கவர்ந்துகொண்டதும், நீதி கேட்டு இலண்டன் சென்றவர் நவாப் வாஜித் அலி ஷாவின் அன்னையார் மலிகா கிஷ்வர். வெறுங்கையுடன் திரும்பும் வழியில் 1858இல் பாரிசில் காலமான அவ்வம்மையாரின் கபர் இப்பகுதியிலேயே உள்ளது. கவிபுனையும் மகனைப் பெற்றவர், கவிஞர் நடுவே அடங்கினார்.

'குருட்டு ஆந்தை' தந்த ஈரானிய எழுத்தாளர் சாதிக் ஹிதாயத்தும் 1951 முதல் இங்குத் துயில்கிறார். அவர்தம் மீசான் கல்லில் ஆந்தையின் உருவம் காணலாம். மோலியேரையும் வைல்டையும் கண்டு திரும்புவோர், 85ஆம் பிரிவு எங்கே எனக் கேட்டு இவ்விருவரிடமும் சென்று வருதல் வேண்டும்.