மசகு வற்றிய பற்சக்கரம்

மாட்டுவண்டியின் அச்சில் மசகு குறைந்தால் 'கிரீச்' என்று ஓசை எழும். வண்டிக்காரர் இறங்கி, மசகு இட்டுவிட்டு மேலே செல்வார். கடலுக்கு மேலே பறக்கும் ஹெலிகாப்டருக்கு அந்த வசதி உண்டா?

ஹெலிகாப்டர் எஞ்சினின் தண்டு நிமிஷத்துக்குப் பல்லாயிரம் முறை சுற்றுகிறது. தலைக்கு மேலுள்ள இறக்கைகளோ சில நூறு முறைதான் சுற்ற வேண்டும். இந்த வேகத்தைக் குறைத்துக் கொடுப்பது பற்சக்கரப் பெட்டி. வால்புறத்துச் சிறிய விசிறியை ஓட்டுவதும் அதுவே. எஞ்சின் நின்றாலும், காற்றின் விசையால் இறக்கைகள் சுழல, விமானி ஹெலிகாப்டரை இறக்கிவிடலாம். பற்சக்கரப் பெட்டி உடைந்தாலோ அதற்கு மாற்று இல்லை.

இப்பெட்டியில் எண்ணெய் இரண்டு வேலைகளைச் செய்கிறது. பற்களுக்கிடையே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைத் தடுக்கிறது. உராய்வில் பிறக்கும் சூட்டைச் சுமந்து வெளியே கொண்டு போகிறது. எண்ணெய் போய்விட்டால் சூடு ஏறும்; எஃகு விரியும், இளகும்; முடிவில் பற்கள் சிதையும்.

ஆகவே, எண்ணெய் முழுவதும் வடிந்த பின்னும் 30 நிமிஷம் பறக்க முடியவேண்டும் என்று பெரிய ஹெலிகாப்டர்களுக்கு விதி செய்தனர். ஆயினும் அவ்விதியில் ஒரு விலக்கும் இருந்தது: எண்ணெய் இழப்பு 'மிகமிக அரிது' என்று காட்டினால் போதும். சிகோர்ஸ்கி எஸ்-92 ரகத்தின் பெட்டி 2002இல் எண்ணெயின்றிச் சோதிக்கப்பட்டபோது சுமார் 11 நிமிஷத்தில் பழுதாயிற்று. பின்னர் அந்த விலக்கின் வழியாகவே அது அனுமதி பெற்றது.

2009 மார்ச் 12 அன்று, கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால், 18 பேருடன் எண்ணெய்க் கிணற்று மேடைகளை நோக்கிச் சென்ற எஸ்-92 ஒன்றில் எண்ணெய் அழுத்தம் விழுந்தது. வடிகட்டிக் கிண்ணத்தைப் பிடித்திருந்த மூன்று டைட்டேனியத் திருகாணிகளில் இரண்டு முறிந்து, எண்ணெய் வெளியேறியிருந்தது. விமானிகள் கரையை நோக்கித் திரும்பினர். வெப்பமானி சூடு ஏறியதாகக் காட்டவில்லை. அளப்பதற்கு எண்ணெய் இருந்தால்தானே காட்டும்! எண்ணெய் போனால் வெப்பமானி ஏறும் என்று அவர்கள் நம்பியிருந்தனர். கருவி கெட்டதோ என ஐயுற்று, உடனே கடலில் இறங்காமல் பறந்தனர். சுமார் 11 நிமிஷத்தில் வால் விசிறியை ஓட்டும் சக்கரம் சிதைந்தது. 17 பேர் மாண்டனர், ஒருவரே பிழைத்தார்.

இதில் மனத்தை உறுத்துவது வேறொன்று. 2008 ஜூலையில் ஆஸ்திரேலியாவில் இதே திருகாணிகள் முறிந்து, அந்த ஹெலிகாப்டர் தரையிறங்கித் தப்பியது. டைட்டேனியத் திருகாணிகளுக்குப் பதில் எஃகுத் திருகாணிகளைப் பொருத்தும்படி 2009 ஜனவரியில் அறிவிப்பும் வந்தது. ஆனால் அதற்கு ஓராண்டு வரை தவணை இருந்தது. விபத்துக்குப் பிறகே, மாற்றாமல் பறக்கக் கூடாது என்ற ஆணை பிறந்தது. அந்த விலக்கையே நீக்கவேண்டும் என்று கனடாவின் விசாரணைக் குழு 2011இல் பரிந்துரைத்தது.

நாளை இயந்திரங்களை வரையப் போகும் நண்பர்களே, 'மிகமிக அரிது' என்று எழுதுமுன் ஒருமுறை நின்று கேளுங்கள்: அது நடந்துவிட்டால், உள்ளே இருப்பவருக்கு எத்தனை நிமிஷம் கிடைக்கும்?