ஓவன் வாங்கலாமா? வாங்கும் முன் வீட்டில் பேச வேண்டியவை

நம் வீடுகளில் ரொட்டி நெடுங்காலம் நோயாளியின் உணவாகவே இருந்தது. காய்ச்சல் கண்டவருக்குப் பாலில் நனைத்த ரொட்டி கொடுத்தனர். மருத்துவமனையில் இருப்பவரைக் காணச் செல்வோர் கையில் ஒரு பொட்டலம் பன்னும் நான்கு ஆப்பிளும் இருக்கும். இன்று நிலைமை மாறிவிட்டது. பேக்கரிப் பண்டங்களைத் தவிர்க்குமாறு கூறுவது மருத்துவர்களின் வழக்கமான அறிவுரைகளுள் ஒன்றாகிவிட்டது. அதைக் கேட்டுக்கொண்டு எங்கள் உணவியல் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் பலர் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கின்றனர்: கடையில் வாங்கக் கூடாதென்றால், ஒரு கன்வெக்‌ஷன் ஓவன் வாங்கி வீட்டிலேயே செய்து கொடுக்கலாமா?

சில மாதங்களுக்கு முன் ஒரே காலைப்பொழுதில் இரண்டு குடும்பத்தினர் இக்கேள்வியுடன் வந்தனர். ஒருவர், இதய அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பவிருந்தவரின் மனைவி. மாலைத் தேநீருடன் ஒரு பப்ஸோ நான்கு வெண்ணெய் பிஸ்கட்டோ இல்லாமல் கணவருக்குப் பொழுது போகாது. “பேக்கரி பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார் மேடம். நானே செஞ்சு கொடுத்தா தப்பில்லையே?” என்று கேட்டார். தவணையில் வாங்குவதற்காக ஓர் ஓவனையும் பார்த்து வைத்திருந்தார். மற்றவர், சீலியாக் நோய் இருப்பதாக அப்போதுதான் உறுதி செய்யப்பட்ட எட்டு வயதுச் சிறுமியின் தாய். முதலாமவரிடம் “இப்போது வேண்டாம்” என்றோம். இரண்டாமவரிடம் “இயன்றால் வாங்குங்கள்” என்றோம். விடைகள் ஏன் வேறுபட்டன என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம். இதே கேள்வி உங்கள் வீட்டிலும் இருந்தால், உங்களுக்குரிய விடையைக் கண்டறிய இது உதவக்கூடும்.

ஓவன் செய்வதும் செய்யாததும்

கடைகளில் பெரும்பாலும் இரண்டு வகை ஓவன்கள் காட்டப்படுகின்றன. ஓ.டி.ஜி. எனப்படும் பெட்டியில் மேலும் கீழும் உள்ள மின்கம்பிகள் சூடாகிப் பண்டத்தை வேகவைக்கின்றன. சில ஓ.டி.ஜி.களில் சூடான காற்றைச் சுழற்றும் விசிறியும் உண்டு. மற்றொன்று கன்வெக்‌ஷன் வசதியுள்ள மைக்ரோவேவ் ஓவன். மைக்ரோவேவ் முறையில் மட்டும் இயக்கினால் கேக் வெந்தாலும் மேற்புறம் சிவக்காது. கன்வெக்‌ஷன் முறையில் இயக்கும்போதுதான் விசிறியும் வெப்பக்கம்பியும் சேர்ந்து, பேக்கரியில் காண்பதுபோன்ற பொன்னிறத்தைத் தருகின்றன. விசிறி சுழலும்போது வெப்பம் சீராகப் பரவுவதால், சாதாரண ஓவனுக்கென எழுதப்பட்ட செய்முறையில் உள்ள வெப்பநிலையை 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் எந்த ஓவனும் மாவைச் சூடாக்குவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. மாவிலுள்ள வெண்ணெயையோ சர்க்கரையையோ உப்பையோ அது குறைத்துவிடாது. பண்டம் நன்மை தருமா தீமை தருமா என்பது அது ஓவனுக்குள் செல்லும் முன்பே, மாவு பிசையும் கையில் முடிவாகிவிடுகிறது. எனவே எதை வேகவைக்கப் போகிறோம் என்பதையே முதலில் பேச வேண்டும்.

இதய நோயாளியின் வீட்டில்

பேக்கரிப் பண்டங்களில் வனஸ்பதியும் அதனுடன் டிரான்ஸ் கொழுப்பும் இருப்பதே இதய நோயாளிகளுக்கு நெடுநாள் அச்சமாக இருந்தது. 2022 ஜனவரி முதல், எண்ணெயும் கொழுப்பும் சேர்த்துச் செய்யப்படும் உணவுகளில் டிரான்ஸ் கொழுப்பு, அவற்றிலுள்ள மொத்தக் கொழுப்பில் 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாதென இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்துள்ளது. வீட்டில் செய்தால் எந்தக் கொழுப்பைச் சேர்க்கிறோம் என்பது நம் கண்முன்னே இருக்கும் என்பது உண்மைதான்.

ஆயினும் பப்ஸின் அடுக்குகள் பிரிவதற்கு மாவுத் தாள்களுக்கிடையே நிறையக் கொழுப்பு வேண்டும். வனஸ்பதிக்கு மாற்றாக வெண்ணெயைச் சேர்த்தால், அதன் எடையில் ஏறத்தாழப் பாதி செறிவுற்ற கொழுப்பு. எல்.டி.எல். கொழுப்பைக் குறைக்க மாத்திரை உண்பவர் அதே மாலையில் வீட்டுப் பப்ஸ் இரண்டை உண்பாராயின், அது வீட்டில் செய்யப்பட்டது என்பதால் இரத்தக்குழாய் அவருக்குச் சலுகை காட்டாது. அந்த அம்மையாருக்கு நாங்கள் சொன்னது இதுதான். அவருடைய கணவருக்குத் தேவைப்பட்டது வேறொரு மாலைச் சிற்றுண்டி. அவித்த சுண்டல், வறுத்த கடலை, ஒரு கொய்யா ஆகியவற்றுக்கு ஓவன் தேவையில்லை.

உப்பைக் குறைக்க வேண்டியவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடாவில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் உள்ளது. பெரியவர்களுக்கு ஒரு நாளில் 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாகவே சோடியம் இருக்க வேண்டுமென உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. அரைத் தேக்கரண்டி சோடா சேர்த்த கேக்கை எட்டுத் துண்டாக்கி ஒன்றை உண்பவருக்கு அதனால் பெரிய கேடில்லை. டப்பாவைத் திறந்து எண்ணாமல் பிஸ்கட் உண்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சிறுநீரக நோயாளிகள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேக்கிங் பவுடர் பலவற்றில் பாஸ்பேட் உப்புகள் கலந்திருக்கும். உணவுடன் சேர்க்கப்படும் இவ்வகைப் பாஸ்பேட்டை உடல் எளிதில் ஈர்த்துக்கொள்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்வோர் பேக்கிங் பவுடர் சேர்த்த பண்டங்களை உண்ணும் முன் எங்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நாங்கள் கற்றுக்கொண்ட பாடம்

நீரிழிவு உள்ள ஒருவரின் மகள் சில ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியைக் கேட்டபோது, “வீட்டில் செய்வது நல்லதுதானே” என்று நாங்கள் எளிதாகச் சொல்லிவிட்டோம். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்கவில்லை. அவர் அன்புடன் ஓவன் வாங்கி, மைதாவுக்கு மாற்றாகக் கோதுமை மாவும், சர்க்கரைக்கு மாற்றாக நாட்டுச்சர்க்கரையும் சேர்த்து வாரந்தோறும் கேக் செய்தார். முன்பு எப்போதாவது ஒரு துண்டு உண்டுவந்த தந்தை, இது தீங்கற்றது என்று நம்பி நாள்தோறும் உண்டார். அடுத்த மூன்று மாதப் பரிசோதனையில் சர்க்கரை அளவு உயர்ந்திருந்தது. அந்த மகள் எங்கள் முன் கலங்கி நின்றார். பிழை அவருடையதன்று, நாங்கள் அரைகுறையாகச் சொன்னதே பிழை.

நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி ஆகியவற்றில் இருப்பதும் பெரும்பாலும் சர்க்கரையே. நன்கு அரைத்த கோதுமை மாவில் நார்ச்சத்து கூடுதலாக இருப்பினும், இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் வேகத்தில் அதன் ரொட்டிக்கும் மைதா ரொட்டிக்கும் பெரிய வேறுபாடில்லை. 30 கிராம் எடையுள்ள ஒரு ரொட்டித் துண்டில் ஏறத்தாழ 15 கிராம் மாவுச்சத்து இருக்கும். அதை இட்லி, தோசைபோலவே அன்றைய உணவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். அன்றுமுதல் ஓவன் பற்றிக் கேட்கும் ஒவ்வொருவரிடமும் அளவைப் பற்றித்தான் நாங்கள் முதலில் பேசுகிறோம்.

ஓவன் உண்மையில் உதவும் வீடு

சீலியாக் நோயில், கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் எனும் புரதம் சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கிறது. தென்னிந்தியாவில் இந்நோய் வட இந்தியாவைவிடக் குறைவு. அதனாலேயே இதைப் பற்றி அறிந்தவர்களும் இங்கே குறைவு. இதற்குரிய சிகிச்சை வாழ்நாள் முழுவதும் குளூட்டனை முற்றிலும் விலக்குவதுதான். மைதா, ரவை, சேமியா ஆகியவற்றை மட்டுமன்றி, கோதுமை மாவு சேர்த்த கூட்டுப் பெருங்காயத்தையும் விலக்க வேண்டும்.

சோறும் இட்லியும் இடியாப்பமும் புட்டும் உள்ள நம் உணவில், அச்சிறுமியின் உடல் வளர்ச்சிக்கு ஓவன் தேவையில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது வேறொன்று. வகுப்பில் யாரேனும் பிறந்தநாள் கேக் கொண்டுவரும்போது அவள் மட்டும் கைகட்டி நிற்க வேண்டும். எட்டு வயதுக் குழந்தையால் எத்தனை முறை அப்படி நிற்க முடியும்? ஒருநாள் மறைத்து உண்பாள். அவ்வாறு உண்பது தொடர்ந்தால் குடல் ஆறாது. தன் டப்பாவில் தனக்கென ஒரு துண்டு கேக் இருந்தால் அவள் மறைக்க வேண்டியதில்லை. குளூட்டன் இல்லாதது என விற்கப்படும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாதென்பது விதி. அத்தகைய பண்டங்கள் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. சாதாரண பேக்கரியில் அரிசி மாவில் செய்ததாகச் சொன்னாலும், அதே மேசையிலும் தட்டிலும் மைதா படிந்திருக்கும்.

இதே நியாயம் முட்டை, பால், வேர்க்கடலை போன்றவற்றுக்குக் கடும் ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கும் பொருந்தும். இத்தகைய வீடுகளில் சமையலறையே பாதுகாப்பான பேக்கரி.

அந்தத் தாய்க்கு மூன்று குறிப்புகளைக் கொடுத்தோம். குளூட்டன் இல்லாத மாவு காற்றைப் பிடித்து வைக்காது என்பதால், அரிசி, கேழ்வரகு, சோள மாவுகளுடன் சிறிது இசப்கோல் உமியை நீரில் ஊறவைத்துச் சேர்த்தால் கேக் உதிராது. மாவை வெளி ஆலையில் அரைத்தால் கோதுமை கலந்துவிடும் என்பதால் தானியத்தை வீட்டிலேயே அரைக்க வேண்டும். வெப்பத்தால் குளூட்டன் அழியாது. கன்வெக்‌ஷன் விசிறி மாவுத் தூசியையும் பரப்பும். ஆகவே அந்த ஓவனில் கோதுமைப் பண்டம் எதையும் செய்யாதிருப்பதே சிறந்தது.

வாங்கும் முன் ஒரு மாதம்

வேறு காரணங்களுக்காக ஓவன் வாங்க விரும்புவோர், ஒரு மாதம் ஓவன் இல்லாமலே செய்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அடிகனமான பாத்திரத்துள் ஒரு தாங்கியை வைத்து, மூடி, சிறு தீயில் பத்து நிமிடம் சூடாக்கவும். பிறகு மாவு ஊற்றிய கிண்ணத்தை உள்ளே வைத்து மூடினால், முக்கால் மணி நேரத்துக்குள் சிறிய கேக் வெந்துவிடும். ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்தால் மாவு ஒட்டக் கூடாது. நீரின்றிச் சூடாக்குவது பிரஷர் குக்கரின் ரப்பர் வளையத்தையும் பாதுகாப்பு வால்வையும் கெடுக்கும். நான்ஸ்டிக் பாத்திரத்தையும் வெறுமையாகச் சூடாக்கலாகாது. இவ்விரண்டையும் தவிர்க்கவும்.

ஒவ்வொரு முறையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். எத்தனை முறை செய்தீர்கள், யார் உண்டார்கள், எவ்வளவு உண்டார்கள் என்று எழுதுங்கள். மாத இறுதியில் அந்தக் குறிப்பே உங்களுக்கு விடை சொல்லும்.

வாங்குவதென முடிவு செய்தால்

மின்வசதி: 6 ஆம்பியர் பிளக் ஏறத்தாழ 1,380 வாட் வரையே தாங்கும். பல ஓவன்கள் அதைவிடக் கூடுதலாக இழுக்கும் என்பதால் 16 ஆம்பியர் பிளக் வேண்டும். நீட்டிப்புக் கம்பியில் இணைக்காதீர்கள். 1,500 வாட் ஓவன் ஒரு மணி நேரம் இயங்கினால் அதிக அளவாக ஒன்றரை யூனிட் செலவாகும்.

சூடு: நீரிழிவால் கைவிரல்களில் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை உணரும் முன்பே தோல் வெந்துவிடக்கூடும். தட்டை எடுக்கும் வேலையை வேறொருவரிடம் விடுங்கள்.

ஆக்சிஜன்: வீட்டில் ஆக்சிஜன் பெறுவோர் அக்கருவியுடன் அடுப்பு அருகிலோ ஓவன் அருகிலோ செல்லக் கூடாது.

பச்சை மாவு: புற்றுநோய் மருந்து பெறுவோர், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோர், கர்ப்பிணிகள் ஆகியோர் வேகாத மாவைச் சுவை பார்க்கலாகாது. பச்சை முட்டையில் மட்டுமன்றிப் பச்சை மாவிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும்.

நிறம்: மாவுப் பண்டங்கள் கருகுமளவு சிவக்கும்போது அக்ரிலமைடு எனும் வேண்டாத வேதிப்பொருள் கூடுகிறது. இளம் பொன்னிறமே போதும்.

பேஸ்மேக்கர்: நல்ல நிலையிலுள்ள மைக்ரோவேவ் ஓவனால் பேஸ்மேக்கருக்கு இடையூறு நேர்வதில்லை.

அந்த இரண்டு வீடுகள்

இதய நோயாளியின் மனைவி, அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது ஒரு நாட்காட்டித் தாளைக் கொண்டுவந்தார். முதல் வாரத்தில் மூன்று குறிகள், இரண்டாம் வாரத்தில் ஒன்று, அதன்பின் வெறுமை. “ஆர்வம் அவ்வளவுதான் மேடம்” என்று சிரித்தார். ஓவனுக்கென எடுத்து வைத்த பணத்தின் ஒரு பகுதியில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை வாங்கியிருந்தார். கணவர் மாலையில் சுண்டலுக்குப் பழகிவருகிறார். பப்ஸை நினைத்து ஏங்குவதும் உண்டு என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

சிறுமியின் வீட்டில் ஓவன் வாரம் இருமுறை இயங்குகிறது. முதல் கேக் கல்லாக இறுகியதாகவும், நான்காவதுதான் உண்ணும்படி அமைந்ததாகவும் தாய் கூறினார். இப்போது வகுப்பில் பிறந்தநாள் வருவதை ஆசிரியை முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறாராம்.

உங்கள் வீட்டிலும் இந்த எண்ணம் இருந்தால், அடுத்த முறை வரும்போது உங்கள் செய்முறையை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். வழக்கமாக வாங்கும் பிஸ்கட்டின் உறையையும் கொண்டு வாருங்கள். எவ்வளவு உண்ணலாம், எதை மாற்றலாம் என்பதை உங்களுடன் அமர்ந்து கணக்கிட்டுச் சொல்லக் காத்திருக்கிறோம். ஓவனை அதன் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.