உறைமோர் எந்த வழியாகப் போகும்?

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே, கேரளத்தின் தென்கோடியில் இருக்கிறது செங்கல் என்ற ஊர். வடமேற்கே தும்பா, கிழக்கே மகேந்திரகிரி. ராக்கெட் ஆராய்ச்சி நடக்கும் இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவில் இருந்தும், அந்த ஆராய்ச்சி செங்கலில் தங்காமல் தாண்டிப் போய்விட்டது. ஏன்?

தயிர் தோய்வதைப் பாருங்கள். பால் மட்டும் இருந்தால் போதாது, ஒரு கரண்டி உறைமோர் வேண்டும். உறைமோர் இருந்தாலும் பால் சில்லென்று இருந்தால் தோயாது. புதுத் தொழில்நுட்பத்துக்கு உறைமோர், அதைக் கையால் செய்து பழகிய ஆட்கள். இடம், பணம், பட்டறை எல்லாம் பால்.

தும்பாவில் பால் பதமாக இருந்தது. பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டிய கடற்கரை என்பதால்தான் விக்ரம் சாராபாய் குழு அதைத் தேர்ந்தெடுத்தது. உறை அமெரிக்காவிலிருந்து வந்தது. அப்துல் கலாம் உள்ளிட்ட சில பொறியாளர்கள் நாசாவில் பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள். 1963 நவம்பர் 21 அன்று ஏறிய நைக் அப்பாச்சியும் அமெரிக்க ராக்கெட்தான். 1967-ல் நம்முடைய ரோகிணி ஏறியது.

அடுத்த கரண்டி பிரான்ஸிலிருந்து. 1970-களில் நாகர்கோவில்காரரான நம்பி நாராயணனும் சக பொறியாளர்களும் அங்கே வைகிங் எஞ்சின் வேலையில் கூடவே நின்று பழகினார்கள். அதில் பிறந்ததுதான் விகாஸ் எஞ்சின். அதைச் சோதிக்க, குடியிருப்புகளை விட்டு விலகிய மலையடிவாரம் தேவைப்பட்டது. எரிபொருள் அவ்வளவு நச்சு. வீட்டுக்கு வீடு தென்னையும் மரச்சீனியும் நெருக்கியடிக்கும் செங்கல் அதற்கு ஆகாது. உறை நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரிக்குப் போனது.

கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சினின் கதை வேறு. ரஷ்யா கற்றுத்தர ஒப்புக்கொண்டிருந்தது; அமெரிக்கா நெருக்கியதும் எஞ்சினை மட்டும் விற்றது, வித்தையைத் தரவில்லை. உறைமோர் கிடைக்காத வீட்டில் வெதுவெதுப்பான பாலில் மிளகாய்க் காம்பைப் போட்டு வைப்பார்கள் அல்லவா? தோயும், நேரமாகும். 2010-ல் நம் எஞ்சினோடு போன முதல் ராக்கெட் தோற்றது. 2014 ஜனவரி 5 அன்றுதான் கைகூடியது.

இன்று உறை ஐதராபாத் வரை போயிருக்கிறது. விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் வேலை பார்த்த இருவர் 2018-ல் ஸ்கைரூட் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2022 நவம்பர் 18 அன்று அவர்களுடைய விக்ரம்-எஸ் ராக்கெட் பறந்தது. பக்கத்தில் இருக்கும் ஊருக்குத்தான் ஆராய்ச்சி முதலில் பரவும் என்பது வெறும் நினைப்பு. ஆள் போகிற ஊருக்கு அது போகிறது. புதுக் கட்டடத்துக்கு நாடா வெட்டிவிட்டு ஆராய்ச்சி வளரும் என்று காத்திருக்கும் அரசுகளுக்கு இது ஏனோ உறைப்பதில்லை.

செங்கலுக்கு ராக்கெட் மையம் வரப்போவதில்லை. ஆனால் உறை எடுக்க இங்கிருந்து ஆள் போகலாம். இதே திருவனந்தபுரம் மாவட்டத்தில், வலியமலையில், விண்வெளிப் படிப்புக்கென்றே 2007-ல் தொடங்கிய கல்வி நிறுவனம் இருக்கிறது. அங்கே பி.டெக் சேர ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுத வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள்.