மணிக்கட்டில் ஒரு கணக்குப்பிள்ளை

1991-ஆம் ஆண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்த நேரம். எழுதப் படிக்கக் கற்க வந்த பெண்கள், கூடவே இன்னொன்றையும் கற்றுக்கொண்டார்கள். சைக்கிள் ஓட்ட! வயலில் வேலை செய்பவர்கள், குவாரியில் கல் உடைப்பவர்கள், கிராமச் செவிலியர்கள் எனப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். அன்று மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதற்குப் பெரிதும் ஊக்கம் கொடுத்தார். 1992-இல் உலக மகளிர் நாளன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணி ஒலிக்கப் புதுக்கோட்டைக்குள் சைக்கிளில் வலம் வந்தார்கள். தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டும், பிள்ளையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டும் அவர்கள் மிதித்துச் சென்றதை உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் இன்றும் சொல்வார்கள்.

நண்பர்களே, அந்தப் பெண்கள் ஒரு நாளில் எவ்வளவு தூரம் மிதித்தார்கள்? அவர்கள் இதயம் எவ்வளவு வேகமாகத் துடித்தது? எத்தனை கலோரி செலவாயிற்று? சொல்ல அன்று யார் கையிலும் கருவி இல்லை. இன்று இருக்கிறது. புதுக்கோட்டை கீழராஜ வீதிக்குப் போய், "உடற்பயிற்சியைக் கணக்கிடும் வாட்ச் வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். விலை குறைந்ததும் கூடியதுமாகப் பல வகைகளை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். எல்லாவற்றின் பெட்டியிலும் ஒரே மாதிரி எழுதியிருக்கும்: அடிகள், இதயத் துடிப்பு, கலோரி.

எதை வாங்குவது? அதற்கு முன் இன்னொரு கேள்வி. இந்த மூன்று எண்களும் எப்படிக் கிடைக்கின்றன?

அடியை எண்ணுவது எப்படி?

பழைய காலத்து அடிமானியை இடுப்பில் மாட்டிக்கொள்வார்கள். உள்ளே ஒரு சிறு எடை வில்லில் தொங்கும். நாம் ஓர் அடி வைக்கும்போது உடல் சற்றே மேலெழுந்து தாழும். எடையும் ஆடும். ஓர் ஆட்டத்துக்கு ஒரு பல் வீதம் சக்கரம் நகரும். அவ்வளவுதான்.

1965-இல் ஜப்பானின் யமாசா நிறுவனம் இப்படிப்பட்ட கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் பெயர் 'மான்போ-கெய்'. 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள். "நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும்" என்று இன்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்த எண் பரவியது இந்தப் பெயரிலிருந்துதான். ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த எண் அல்ல. ஒரு கருவிக்கு வைத்த பெயர்! ஆகவே உங்கள் வாட்ச் 9,000 என்று காட்டினால் கவலைப்பட ஒன்றுமில்லை.

இன்றைய வாட்ச்சில் வில்லும் எடையும் இல்லையா என்றால், இருக்கின்றன. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவில் சிலிக்கானில் செதுக்கப்பட்டிருக்கின்றன. இதற்கு முடுக்கமானி என்று பெயர். கை வீசும்போது அந்த நுண்ணிய எடை அசையும். அசைவு மின் குறியாக மாறும். எந்த அசைவு அடி, எந்த அசைவு அடியல்ல என்று ஒரு சிறிய கணிப்பொறி முடிவு செய்யும்.

இங்கேதான் நம் சைக்கிளுக்கு அநியாயம் நடக்கிறது! பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, அரசு கொடுத்த விலையில்லாச் சைக்கிளில் தினமும் போக 5 கிலோமீட்டர், வர 5 கிலோமீட்டர் மிதிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனுடைய வாட்ச்சை ஒரு நாள் கட்டிக்கொண்டு போகிறாள். மிதிப்பவை கால்கள், கையோ கைப்பிடியைப் பிடித்தபடி அசையாமல் இருக்கிறது. மாலையில் வாட்ச் சில நூறு அடிகளை மட்டுமே காட்டி, "இன்னும் கொஞ்சம் நடக்கலாமே!" என்கிறது. அவள் சோம்பேறியா? இல்லை. வாட்ச் கால்களைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தது. சில வாட்ச்களில் 'சைக்கிள்' என்று தனியாக ஒரு பகுதி உண்டு. அதை அழுத்திவிட்டுப் புறப்பட்டால் ஓரளவு நியாயம் கிடைக்கும்.

பச்சை ஒளியின் வேலை

வாட்ச்சின் அடிப்பக்கத்தில் பச்சை ஒளி மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தம் சிவப்பாக இருக்கிறது. காரணம், அது பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் தோலுக்கு அடியிலுள்ள நுண்ணிய குழாய்களில் இரத்தம் சற்றே கூடுகிறது. அந்தக் கணம் திரும்பி வரும் பச்சை ஒளி சற்றே மங்குகிறது. மங்கல்களை எண்ணினால் துடிப்பு தெரிந்துவிடும்.

அழகான ஏற்பாடுதான். ஆனால் பட்டை தளர்வாக இருந்தால் வாட்ச் தோலின்மேல் நழுவும். வெளி வெளிச்சமும் உள்ளே புகும். குண்டும் குழியுமான சாலையில் சைக்கிள் குலுங்கினாலும் கணக்குத் தடுமாறும். ஆகவே மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, நழுவாதபடி கட்ட வேண்டும். இதைவிடத் துல்லியமானது மார்பில் கட்டும் பட்டை. அது இதயத்தின் மின் துடிப்பையே நேராகப் பிடிக்கிறது. 1982-இல் ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் கம்பியில்லாமல் இயங்கும் இத்தகைய கருவியைக் கொண்டு வந்தது.

கலோரி: அளந்ததா, ஊகித்ததா?

இப்போது மூன்றாவது எண். இதில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

உடல் செலவிடும் சக்தியை எப்படி அளப்பது? 1780-களில் பிரான்சு நாட்டு விஞ்ஞானிகள் லவாய்சியரும் லாப்லாசும் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் வைத்தார்கள். அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகியது என்று பார்த்தார்கள். இன்று ஆய்வுக்கூடங்களில் ஒருவருக்கு முகமூடி மாட்டி, அவர் எடுத்துக்கொள்ளும் பிராணவாயுவை அளக்கிறார்கள். ஒரு லிட்டர் பிராணவாயுவுக்கு ஏறக்குறைய 5 கலோரி என்பது கணக்கு. (உணவைப் பற்றிப் பேசும்போது நாம் சொல்லும் 'கலோரி' உண்மையில் கிலோ கலோரி.)

உங்கள் வாட்ச் முகமூடி மாட்டுகிறதா? இல்லை. பிறகு எப்படி, "312 கலோரி" என்று ஒற்றை இலக்கம் வரை சொல்கிறது? வாங்கிய முதல் நாள் நீங்கள் கொடுத்த வயது, எடை, உயரம், ஆணா பெண்ணா என்ற விவரங்களை எடுத்துக்கொள்கிறது. அவற்றோடு அசைவையும் துடிப்பையும் சேர்த்து ஒரு வாய்பாட்டில் போடுகிறது. விடை வருகிறது. ஆக, அடிகள் எண்ணப்பட்டவை, துடிப்பு அளக்கப்பட்டது, கலோரியோ ஊகிக்கப்பட்டது.

நாமும் அப்படி ஊகிக்கலாமே! சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறக்குறைய 1 கலோரி செலவிடுகிறார். நிதானமாகச் சைக்கிள் மிதித்தால் அதைப் போல் 4 முதல் 6 மடங்கு. உங்கள் எடை 50 கிலோ என்றால் ஒரு மணி நேரத்துக்கு 200 முதல் 300 கலோரி. எதிர்காற்று, பாலத்து ஏற்றம், சைக்கிளின் எண்ணெய் போடாத செயின் எல்லாம் இந்த எண்ணை மாற்றும். மேலும் இந்த மடங்குகள் பெரியவர்களை வைத்து அளந்தவை. வளரும் பிள்ளைகளின் உடல் ஓய்வில்கூடச் சற்றுக் கூடுதலாகவே செலவிடும்.

2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். 60 பேருக்கு மணிக்கட்டுக் கருவிகளைக் கட்டி நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்தார்கள். மொத்தம் 7 வகைக் கருவிகள். இதயத் துடிப்பில் 6 கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியில்? மிகச் சிறந்த கருவியின் சராசரிப் பிழையே 27 சதவீதம்; மிக மோசமானது 93 சதவீதம்! அதன்பின் புதிய கருவிகள் வந்துவிட்டன. ஆனால் பிராணவாயுச் செலவை அளக்கும் வித்தை இன்னும் மணிக்கட்டுக்கு வரவில்லை.

ஏன் இது முக்கியம்?

ஒரு நடுத்தர இட்லி ஏறக்குறைய 50 கலோரி. 300 கலோரியில் 27 சதவீதப் பிழை என்றால் ஒன்றரை இட்லிக்கு மேல். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் யாராவது அந்த எண்ணை நம்பி, "இன்று 150 கலோரிதான் செலவாயிற்று, இரவுச் சாப்பாடு வேண்டாம்" என்று தட்டைத் தள்ளி வைத்தால்? அது சிரிக்கும் விஷயமல்ல.

உங்கள் வயதில் எலும்பு நீள்கிறது, தசை வளர்கிறது, இரத்தம் பெருகுகிறது. இவற்றில் எதையும் வாட்ச் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில் 13 முதல் 15 வயதுப் பையன்களுக்கு நாளொன்றுக்கு 2,860 கலோரியும், பெண்களுக்கு 2,400 கலோரியும் தேவை என்கிறது. வளரும் வயதில் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லும் உரிமை மணிக்கட்டுக் கணக்குப்பிள்ளைக்கு இல்லை. எடையைப் பற்றிக் கவலை இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடம் கேளுங்கள்.

நீங்களே சோதியுங்கள்

வாட்ச் வாங்கும் முன் நண்பரிடம் இரவல் வாங்கி இந்த நான்கு சோதனைகளையும் செய்து பாருங்கள்.

1. வாய்விட்டு எண்ணியபடி 100 அடி நடங்கள். வாட்ச் என்ன சொல்கிறது? பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு 100 அடி நடங்கள். கடைசியாக, உட்கார்ந்தபடி கையை மட்டும் 100 முறை வீசுங்கள். மூன்று விடைகளையும் நோட்டில் எழுதுங்கள்.

2. கட்டை விரலுக்குக் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து ஒரு நிமிடம் நாடித் துடிப்பை எண்ணுங்கள். அதே நிமிடத்தில் வாட்ச் காட்டுவதை நண்பர் குறிக்கட்டும். இரண்டும் ஒத்துப் போகின்றனவா?

3. சைக்கிள் டயரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுங்கள். ஒரு முழுச் சுற்று உருட்டி, நகர்ந்த தூரத்தை அளவு நாடாவால் அளந்துகொள்ளுங்கள். 28 அங்குலச் சக்கரம் என்றால் ஏறக்குறைய 2.2 மீட்டர் வரும். புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல் சுமார் 16 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர உங்கள் சக்கரம் ஏறக்குறைய 7,270 தடவை சுற்ற வேண்டும்! ஆரக்கால் கம்பியில் ஒரு காந்தமும் முன் கவட்டையில் ஓர் உணரியும் பொருத்தி இந்தச் சுற்றுகளை எண்ணும் சைக்கிள் மானியும் கடையில் கிடைக்கிறது.

4. வாட்ச்சில் எடை 40 கிலோ என்று பதிந்து, மைதானத்தை நான்கு சுற்று நடங்கள். சற்று இளைப்பாறிவிட்டு, எடையை 60 கிலோ என்று மாற்றி, அதே வேகத்தில் மறுபடியும் நடங்கள். உங்கள் உடல் மாறவில்லை. கலோரி எண்? அது மாறினால், மாற்றியது உங்கள் விரல்தான் என்று தெரிந்துகொள்வீர்கள்.

எதை வாங்கலாம்?

நடையைத் தெரிந்துகொள்ள மட்டுமா? வீட்டிலுள்ள ஸ்மார்ட் போனிலேயே முடுக்கமானி இருக்கிறது. தனியாக ஒன்றும் வேண்டாம். சைக்கிள் ஓட்டுகிறவரா? சக்கரத்தை எண்ணும் மானி போதும். 800 மீட்டர், 1,500 மீட்டர் ஓட்டப் போட்டிகளுக்குப் பயிற்சி செய்கிறவரா? அப்போது துடிப்பைக் காட்டும் வாட்ச்சோ மார்புப் பட்டையோ உதவும். நேற்றைய துடிப்பையும் இன்றைய துடிப்பையும் ஒப்பிட்டு உங்கள் முன்னேற்றத்தைக் காணலாம். கலோரிக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஒன்றுமே வாங்க முடியாதா? கவலை வேண்டாம். உங்கள் வயதினர் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் உடலை நன்றாக இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. அதைப் பார்க்கச் சுவர்க்கடிகாரம் போதும். நன்றாக இயக்குகிறோமா என்று அறியக் குரலே கருவி: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது!

1991-இல் சைக்கிள் ஏறிய பெண்களின் கலோரிக் கணக்கு எங்கும் பதிவாகவில்லை. ஆனால் பஸ்ஸுக்காகக் காத்திராமல் தாமே போய் வரலாம் என்பதை அவர்கள் கற்றுக்கொண்டார்கள். நாளை காலை பள்ளிக்கு மிதிக்கும்போது உங்கள் நாடியைத் தொட்டுப் பாருங்கள். அந்தத் துடிப்பு உண்மையானது. அதை எண்ணத் தெரிந்தவருக்கு எந்த வாட்ச்சையும் சோதித்து வாங்கத் தெரியும்.