வெறுந் தண்ணீரையும் சோதித்துப் பார்

நமது ஸ்கெலட்டன் பகுதியில் இரசாயனம் யாருக்கும் புதிய சங்கதியன்று. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இவ்வூரில் சுரங்க வேலையைத் தொடங்கிய பின்னர், வட ஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து நம் பாட்டன்மார் கூட்டங்கூட்டமாக இங்கு வந்து குடியேறினர். பாறையை வெட்டியது அவர்கள் கை. வெட்டிய பாறையிலிருந்து பொன்னைப் பிரித்தது பாதரசமும் சயனைடும். 2001 பிப்ரவரி 28-ஆம் நாளோடு சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு மேடுகள் மட்டும் இன்றும் நம் வீடுகளைப் பார்த்தபடி நிற்கின்றன.

இத்தகைய ஊரிற் பிறந்த பிள்ளைகள் சோதனைச்சாலையில் நின்று, கண்ணாற் காணாததைக் கண்டதாக எழுதக் கற்கிறார்களே என்பதுதான் நமது குறை. நாம் பத்தாம் வகுப்போடு நின்றவர். ரயில்வேயில் எழுத்தர் வேலை. இரசாயனப் பாடம் கற்பிப்பதைப் பற்றி நாம் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று சிலர் கருதலாம். ஆயினும் அந்தக் குற்றத்தை நாமும் செய்தவராதலால் சொல்ல உரிமையுண்டு. நாம் படித்த பள்ளியில் சோதனைச்சாலை அலமாரிக்குப் பூட்டுத் தொங்கியது. காரீய நைட்ரேட்டுக் கரைசலில் பொட்டாசியம் அயோடைடு விட்டால் 'மஞ்சள் வீழ்படிவு தோன்றியது' என்று ஏட்டில் எழுதினோம், மதிப்பெண்ணும் பெற்றோம். அது எலுமிச்சை மஞ்சளா, பூசு மஞ்சளா, யாம் அறியோம். அந்த வீழ்படிவைக் கொதிநீரிற் கரைத்து மெல்ல ஆறவிட்டால், பொற்றகடுகள் போல மினுமினுத்து இறங்கும் என்பதை முப்பது வயதுக்கு மேல்தான் கண்டோம். தங்கவயலிற் பிறந்தவனுக்கு அக்காட்சி பதினைந்து வயதிலேயே கிடைத்திருக்க வேண்டாமா?

பண்பறி பகுப்பாய்வு என்பது யாது? கொடுத்த உப்பில் எது எவ்வளவு இருக்கிறது என்பதன்று கேள்வி. என்ன இருக்கிறது என்பதே கேள்வி. பார்சல் ஆபீசில் சீட்டுக் கிழிந்துபோன மூட்டைகள் வந்தால் முதலில் திசைவாரியாகப் பிரித்து, பிறகு ஊர்வாரியாகப் பிரிப்போமல்லவா? அதே முறைதான். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் வெள்ளியும் காரீயமும் வெண்மையாய் அடியிற் படியும். அம்மோனியாவுக்கு இரும்பும் அலுமினியமும் படியும். அம்மோனியம் கார்பனேட்டுக்குச் சுண்ணாம்பு இனத்தைச் சேர்ந்த கால்சியம், ஸ்ட்ரான்ஷியம், பேரியம் ஆகியவை படியும். வரிசையை மாற்றி அந்தக் கார்பனேட்டையே முதலில் விட்டாலோ, எல்லா மூட்டையும் ஒரே வண்டியில் ஏறியது போலக் குழப்பமாகிவிடும். பிரெசீனியஸ் என்ற ஜெர்மானியர், தாம் மாணாக்கராயிருந்த காலத்திலேயே, 1841-இல், இதனை ஒழுங்குபடுத்தி நூலாக்கினார். தமிழுக்கும் இக்கலை அயலானதன்று. யாழ்ப்பாணத்தில் வைத்தியம் கற்பித்த டாக்டர் கிறீன் முயற்சியால் 1875-இலேயே 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் தமிழில் அச்சேறியது.

இது நிற்க. நமது தமக்கையின் மகன் பி.யூ.சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முகவாட்டத்துடன் வந்து, "மாமா, கண்ணால் கண்டதை எழுதினேன், பூஜ்யம் போட்டுவிட்டார்கள்" என்றான். அவனுக்குக் கொடுத்த உப்பு ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட்டு. சுடரிற் காட்டினான், செக்கச்சிவந்த நிறம் வந்தது, ஸ்ட்ரான்ஷியம் என்றான், சரி. பின்பு அதனைத் தண்ணீரிற் கரைத்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து, வெள்ளி நைட்ரேட்டு விட்டபோது பால்போற் கலங்கியது. அது குளோரைடுக்குரிய அடையாளம். அவ்வாறே எழுதினான், தவறாயிற்று. மற்றப் பிள்ளைகள் யாவரும் 'நைட்ரேட்டு' என்று சரியாக எழுதியிருந்தனர். எப்படியென்றால், எந்தப் புட்டியில் எந்த உப்பு என்பதை மேல்வகுப்பார் முன்னரே சொல்லி வைத்திருந்தார்கள்!

நமக்கு விடை தெரியவில்லை. அடுத்த தெருவில் இருக்கும் பெரியவரிடம் அழைத்துச் சென்றோம். சுரங்கம் மூடும்வரை, தாதுவில் எவ்வளவு பொன் என்று கணிக்கும் அறையில் வேலை பார்த்தவர் அவர். கதையை முழுதுங் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "தம்பி, உப்பே போடாமல் வெறுந் தண்ணீரைச் சோதித்தாயா?"

மருமான் விழித்தான். குழாய்த் தண்ணீரில் அல்லவோ சோதனைக்குழாயைக் கழுவினான். அதிலேயே உப்பையும் கரைத்தான். குழாய்த் தண்ணீரில் குளோரைடு இயல்பாகவே உண்டு. வெள்ளி நைட்ரேட்டுக்குக் கலங்கியது உப்பன்று, தண்ணீர்!

பெரியவர் தம் பழைய வேலையைச் சொல்லத் தொடங்கினார். நாழிகை போனது தெரியவில்லை. தாதுப் பொடியுடன் மிருதாரசிங்கி, வெங்காரம், சோடா, சிறிது மாவு சேர்த்து மூசையிலிட்டு உருக்குவார்களாம். மாவு எரியும்போது மிருதாரசிங்கி ஈயமாக மாறும். அந்த ஈயம் பொன்னையும் வெள்ளியையும் தன்னுள் வாங்கிக்கொண்டு அடியில் உருண்டையாய்த் திரளும். அதை எலும்புச் சாம்பற் கிண்ணத்தில் வைத்துக் காய்ச்சினால் ஈயத்தைக் கிண்ணம் குடித்துவிட, ஒரு சிறு மணி எஞ்சும். நைட்ரிக் அமிலத்தில் மணியிலுள்ள வெள்ளி கரைந்து போகும்; பொன் நிற்கும். "ஆனால் மிருதாரசிங்கியிலேயே துளி வெள்ளி ஒளிந்திருக்குமே! அதனால் தாதுவே போடாத மூசை ஒன்றும் கூடவே உருக்குவோம். அதில் வந்ததைக் கழித்த பிறகே கணக்கு" என்றார். அவருடைய வெறும் மூசையும் மருமானின் வெறுந் தண்ணீரும் ஒரே பாடமென்று அப்போது விளங்கிற்று.

மறு வகுப்பில் அவன் மூன்று குழாய்களை வரிசையாக நிறுத்தினான். முதலாவதில் வெறுங் குழாய்த் தண்ணீர்: கலங்கியது. இரண்டாவதில் பாட்டரிக் கடையில் வாங்கிய வடிநீர்: தெளிவாகவே நின்றது. மூன்றாவதில் வடிநீரிற் கரைத்த உப்பு: அதுவும் தெளிவு. பிறகு புதிதாய்க் கரைத்த இரும்புச் சல்பேட்டு சேர்த்து, அடர் கந்தக அமிலத்தைக் குழாயின் உட்சுவரோடு மெல்ல இறக்கப் பழுப்பு வளையம் தோன்றிற்று. நைட்ரேட்டு என்பது உறுதியாயிற்று. ஆசிரியர் பெருந்தன்மையுடன் வகுப்பு முழுவதையும் அழைத்துக் காட்டினார் என்று அறிந்து மகிழ்ந்தோம். முந்திய பூஜ்யம் மட்டும் மாறவில்லை.

பெற்றோர்க்கு அச்சமுண்டு, அது நியாயமே. அமிலத்தை நீரில் விடவேண்டும், நீரை அமிலத்தில் விடலாகாது. சுடும் குழாயின் வாய் தன்னை நோக்கியும் இராது, அயலானை நோக்கியும் இராதிருக்க வேண்டும். மூக்கை அருகிற் கொண்டு போகாமல் கையால் விசிறியே மணம் அறிய வேண்டும். மருமானுக்கு உற்சாகம் மிகுந்து, "சயனைடு மேட்டு மண்ணில் அமிலம் விட்டுப் பார்க்கலாமா?" என்றான். பெரியவர் அன்றுதான் கோபித்துக் கண்டோம். சயனைடு எஞ்சியிருக்கக்கூடிய எதிலும் அமிலம் பட்டால் ஆளைக் கொல்லும் வாயு எழும். அந்த மண்ணைப் பிள்ளைகள் கையாலும் தொடலாகாது.

செலவு அதிகமென்று பள்ளிகள் சொல்லும். வியன்னாவில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பிப் பிரேசிலில் குடியேறிய பைகல் என்னும் விஞ்ஞானி, துளிச் சோதனை முறையை வளர்த்தவர். வடிதாளில் நிக்கல் கரைசல் ஒரு துளி, டைமெத்தில் கிளையாக்சைம் ஒரு துளி, சற்றே அம்மோனியா ஆவி: ரோஜாச் சிவப்பு மலர்ந்துவிடும். குழாய் நிறையக் கரைசல் எதற்கு? நாற்பது பிள்ளைகளும் தம் கையாற் செய்ய ஒரு சிறு புட்டி போதுமே!

மருமானின் ஏட்டில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. 'குளோரைடு' என்பதன்மேல் ஒற்றைக் கோடு இழுத்து, அருகில் 'குழாய்த் தண்ணீரினுடையது' என்று எழுதியிருக்கிறான். பார்வைக்கு அசிங்கமாயிருக்கிறதே, கிழித்துவிட்டுப் புதிதாக எழுது என்றாள் நம் தமக்கை. பெரியவர் வேண்டாம் என்று கையமர்த்திவிட்டார்.